திருத்தம் தந்த உரிமைகள்: தாராவியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, சேலம், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள். ஸ்கூல் அட்மிஷன், வீடு இடிக்கப் போவதாக நோட்டீஸ், ஜாதிச் சான்றிதழ், ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் என்று ஆளுக்கொரு கவலையோடு வருவார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி அரசமைப்புச் சட்டத்தில் வந்து நிற்கும். "அது ஏதோ திருத்தத்துல வந்துச்சாமே, எந்தத் திருத்தம்?" என்று கேட்பார்கள். பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்கிற ஆளுக்கு அலுவலகத்தில் ஒரு பதில், தெரியாமல் நிற்கிற ஆளுக்கு வேறொரு பதில். இதைப் பல தடவை நேரில் பார்த்துவிட்டேன். அதனால் எண்களோடு எழுதுகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உரிமைகள் எல்லாமே திருத்தத்தில் வந்தவையா?

இல்லை. 1950 ஜனவரி 26 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே அதன் மூன்றாம் பாகத்தில், 12 முதல் 35 வரையுள்ள பிரிவுகளில், அடிப்படை உரிமைகள் இருந்தன. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் (14). மதம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது (15). தீண்டாமை ஒழிக்கப்பட்டது (17). பேசலாம், கூடலாம், சங்கம் வைக்கலாம், நாட்டின் எந்த மூலைக்கும் போய்க் குடியிருக்கலாம் (19). உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு உண்டு (21). சேலத்துக்காரர் மும்பையில் குடியேற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது முதல் நாளிலிருந்தே உள்ள உரிமை.

இந்தக் குழப்பம் அமெரிக்கப் படங்களிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். அங்கே மூலச் சட்டத்தில் உரிமைப் பட்டியல் இல்லை. 1791இல் சேர்த்த முதல் பத்துத் திருத்தங்கள்தான் அவர்களுடைய உரிமைப் பட்டியல். அடிமை முறை ஒழிந்தது 1865இல், 13ஆம் திருத்தத்தால். பெண்ணுக்கு ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று வந்தது 1920இல், 19ஆம் திருத்தத்தால். நம் நாட்டில் அப்படியில்லை. இங்கே திருத்தங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன. சில கொடுத்தன, சில எடுத்தன, சில எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தன.

திருத்தம் உரிமையை எடுக்கவும் செய்யுமா?

செய்யும். முதல் திருத்தமே அதற்கு உதாரணம். அதன் கதையில் பம்பாயும் சென்னையும் சேர்ந்தே வருகின்றன.

பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் வந்துகொண்டிருந்தது. அது தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று சென்னை மாகாண அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் அனுமதித்த காரணங்களில் 'பொது ஒழுங்கு' அப்போது இல்லை. அடுத்த ஆண்டு செண்பகம் துரைராஜன் வழக்கில், சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துத் தந்த அரசாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் பெரியார் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது.

இந்த இரண்டுக்கும் சேர்த்து 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமை மீதான கட்டுப்பாட்டுக் காரணங்களில் 'பொது ஒழுங்கு' சேர்ந்தது. அதே திருத்தம் அந்தக் கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள். அப்புறம் 15(4) பிரிவு. பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று அது சொல்கிறது. கல்லூரிச் சேர்க்கையில் இன்று நாம் பார்க்கும் இட ஒதுக்கீட்டுக்கு அடிக்கல் அது. ஒரு கை பேச்சைக் கொஞ்சம் இறுக்கியது, இன்னொரு கை படிப்பின் கதவைத் திறந்தது.

1963இல் 16ஆம் திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற காரணத்தையும் கட்டுப்பாடுகளில் சேர்த்தது. தேர்தலில் நிற்பவர் அதைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் வைத்தது. திராவிட நாடு கோரிக்கையை தி.மு.க. கைவிட்டதற்குப் பின்னணியில் இந்தத் திருத்தம் இருக்கிறது.

எமர்ஜென்சி வந்தால் எல்லா உரிமையும் போய்விடுமா?

இப்போது போகாது. 1975 ஜூனில் அறிவித்த நெருக்கடி நிலையில் விசாரணை இல்லாமல் பலரைச் சிறையில் போட்டார்கள். "பிடித்தது சரியா என்று நீதிமன்றமாவது பார்க்கட்டும்" என்று கேட்டார்கள். 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடிக் காலத்தில் அப்படிக் கேட்க முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். பிறகு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

1978இன் 44ஆம் திருத்தம் அந்தக் கதவை அடைத்தது. எந்த நெருக்கடியிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற தளர்வான காரணத்தை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தார்கள். ஜபல்பூர் தீர்ப்பையே தவறு என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமை வழக்கில் தள்ளிவிட்டது. எனக்குத் தெரிந்து நம் திருத்தங்களில் மிகப் பெரிய நன்மை செய்தது இந்த 44தான்.

வீட்டை இடிக்க வந்தால் சொத்துரிமை என்று சொல்லி நிறுத்தலாமா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதே 44ஆம் திருத்தம்தான் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்தது. இப்போது அது 300ஏ பிரிவில் இருக்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. சொத்து உங்கள் பெயரில் இருந்தால் நோட்டீஸ், உங்கள் தரப்பைக் கேட்பது, காரணம் சொல்லும் உத்தரவு, நியாயமான இழப்பீடு எல்லாம் இந்தப் பிரிவுக்குள் அடங்கும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

சரி, நிலம் நம் பெயரில் இல்லை. அரசு நிலத்தில் தகரம் போட்டு முப்பது வருஷமாக இருக்கிறோம். அப்போது? கைகொடுப்பது 21ஆம் பிரிவு. கைகொடுக்க வைத்ததில் சேலத்துக்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு.

வறட்சியில் கூலி வேலையும் போய், 1961இல் சேலத்திலிருந்து பம்பாய் வந்தவர் அவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட ஒரு கூரை. அதற்கும் ஒரு தாதா 2,500 ரூபாய் வாங்கியிருந்தான். அதற்குள் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். 1981 ஜூலையில், மழைக்காலத்தில், நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பப் போவதாக அன்றைய முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். பத்து நாளில் கூரை பிய்ந்தது. குடும்பத்தை சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்கிவிட, இவர் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே கூரை போட்டார். இவ்வளவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில் நாம் அறிந்த வழக்கு இதுதான்.

1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிழைப்பு இல்லாமல் உயிர் இல்லை, ஆகவே பிழைப்புக்கான உரிமை 21ஆம் பிரிவின் உயிர் உரிமைக்குள் வருகிறது என்றார்கள். "உயர் நீதிமன்றத்தில் இந்த நடைபாதைவாசிகள் உரிமை கோரமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்களே" என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. அடிப்படை உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே காலி செய்கிறோம், எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால், போட்டுவிட்டோமே என்று இடிந்துபோக வேண்டாம்.

ஆனால் முழுதும் ஜெயித்த வழக்கு அல்ல அது. நடைபாதையை ஆக்கிரமிக்க உரிமை இல்லை, நோட்டீஸ் கொடுத்துக் கேட்ட பின் அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழை முடியும்வரை, அக்டோபர் 31 வரை, இடிக்கக் கூடாது. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. அதனால்தான் உங்கள் பாட்டி போட்டோ பாஸ் என்கிற அந்தப் பழைய அட்டையைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். அதை லேமினேட் செய்து வையுங்கள், நகல் எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்புக்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது. சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம் போன்ற பொது இடங்களில் அனுமதியில்லாமல் கட்டியவற்றுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. இதை மறைத்துச் சொல்லி யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்கமாட்டேன்.

ஊரிலிருந்து டி.சி. வரவில்லை. ஸ்கூலில் சேர்க்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

2002இன் 86ஆம் திருத்தம் 21ஏ பிரிவைச் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை ஆனது. அதை நடத்த 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்கிறது. அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது (அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு). நுழைவுத் தேர்வோ நன்கொடையோ கூடாது (13ஆம் பிரிவு).

போன வருஷத்துக்கு முந்தின ஜூனில் ஒரு அம்மா வந்தார். கணவருக்கு இங்கே இட்லிக் கடையில் வேலை, குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. பையன் ஐந்தாம் வகுப்பு. ஒரு உதவி பெறும் பள்ளியில் கிளார்க் "எல்.சி. இல்லாமல் பெயர் எழுதமாட்டேன்" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார். ஊரில் டி.சி. என்போம், இங்கே எல்.சி. என்பார்கள், இரண்டும் வேறு காகிதம் என்று நினைத்து அந்த அம்மா எல்.சி. கிடைக்குமா என்று ஊர்ப் பள்ளிக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார். கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மேலே தேதி, நடுவில் "கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5இன்படி" என்று மராத்தியில் ஆறு வரி எழுதினேன். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரை வாங்கி வாருங்கள், முத்திரை போட மறுத்தால் ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள் என்றேன். மழையில் நனைந்த பிளாஸ்டிக் கவருக்குள் அந்தத் தாளை வைத்து எடுத்துப் போனார். கிளார்க் வாங்கவில்லை, உள்ளே தலைமையாசிரியரிடம் போகச் சொன்னார். அவர் படித்துவிட்டு அன்றைக்கே பெயர் எழுதிக்கொண்டார். டி.சி. ஆகஸ்டில் வந்தது.

பிரைவேட் பள்ளியில் 25 சதவீதம் இலவச இடம் உண்மையா?

உண்மை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் கால்பங்கு இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. மகாராஷ்டிரத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்து, குலுக்கலில் வரும். பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இடம் தர வேண்டியதில்லை என்று 2024 பிப்ரவரியில் மாநில அரசு விதியை மாற்றியது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அதை ரத்து செய்தது.

ஒன்று கவனியுங்கள்: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் கிடையாது. 2014இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டமே அவற்றுக்குப் பொருந்தாது என்றது. விண்ணப்பிக்கும் முன் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மும்பையில் தமிழில் படிக்க உரிமை இருக்கிறதா?

1956இல் மொழிவாரி மாநிலங்களுக்காகச் செய்த 7ஆம் திருத்தம் 350ஏ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 'முயல வேண்டும்' என்பதால் 21ஏ அளவுக்கு வலு இல்லை. ஆனால் மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. இதைத் தாராவியில் இருப்பவர்களுக்கே சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை மூடுவார்கள். மூடிய பிறகு 350ஏ என்று மனுப் போடுவதைவிட, இருக்கும்போதே பிள்ளையைச் சேர்ப்பது மேல்.

மகாராஷ்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் என்பதில் சந்தேகமே இல்லை. மாநிலத்தை வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும் என்று 2002இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 30ஆம் பிரிவின்படி நாம் பள்ளி, கல்லூரி நடத்தலாம். பதினோராம் வகுப்புச் சேர்க்கையில் தமிழ் மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளில் நமக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

தமிழ்நாட்டு எஸ்.சி. சான்றிதழ் இங்கே செல்லுமா?

மாநில அரசு வேலைக்கும் மாநிலக் கல்லூரி இடத்துக்கும் செல்லாது. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் சட்டம் அதுதான். ஆந்திரத்திலிருந்து வந்த பழங்குடிக் குடும்பத்துப் பையன் மும்பை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது, 2018இல் மறுபடி உறுதி செய்தது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. மகாராஷ்டிரச் சான்றிதழ் வேண்டுமென்றால், சாதி இங்குள்ள பட்டியலில் இருக்க வேண்டும், 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரமும் வேண்டும். தாத்தாவின் மில் சீட்டு, பழைய பள்ளிப் பதிவேடு எதுவானாலும் தேடுங்கள்.

மத்திய அரசின் அகில இந்தியத் தேர்வுகளுக்குச் சொந்த மாநிலச் சான்றிதழே போதும். இன்னொன்று: சாதி சொல்லித் திட்டினாலோ தாக்கினாலோ "நீ இந்த மாநில எஸ்.சி. இல்லை" என்று காவல் நிலையத்தில் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எந்த மாநிலத்திலும் கூடவே வரும் என்று 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

போலீஸ் பிடித்தால்?

பிடித்த காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை 22ஆம் பிரிவில் முதலிலிருந்தே உள்ளவை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது (20). தடுப்புக் காவலில் வைத்தால் அதற்கான காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். மகாராஷ்டிர வழக்கொன்றில் 1962இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் ஆங்கிலக் காகிதத்தை நீட்டினால் போதாது.

வக்கீல் வைக்கக் காசில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி என்ற 39ஏ பிரிவு 1976இன் 42ஆம் திருத்தத்தில் வந்தது. நெருக்கடிக் காலத்தில் செய்த அந்தத் திருத்தத்தில் எனக்குக் கோபம் நிறைய உண்டு, ஆனால் இந்தப் பிரிவு நல்லது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

அதே 42ஆம் திருத்தம் கொண்டுவந்த அடிப்படைக் கடமைகளைச் செய்யாவிட்டால் உரிமை போகுமா?

போகாது. 51ஏ பிரிவின் கடமைகள் உரிமைக்கு விலை அல்ல.

ஓட்டு ஊரில் இருக்கட்டுமா, இங்கே மாற்றலாமா?

ஓட்டு வயதை 21லிருந்து 18 ஆக்கியது 61ஆம் திருத்தம். 1989 முதல் நடைமுறை. ஓட்டு ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். புதிதாகச் சேர 6ஆம் படிவம், இடம் மாற 8ஆம் படிவம்.

இங்கே மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் 74ஆம் திருத்தம். 1993 ஜூன் முதல் நகராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் கிடைத்தது: ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு இடம். மகாராஷ்டிரம் அதைப் பாதியாக்கிவிட்டது. மும்பையில் 227 வார்டுகள். உங்கள் சந்தில் குழாய் வருமா, நாலா (சாக்கடைக் கால்வாய்) தூர்வாருவார்களா, பொதுக் கழிப்பறையில் விளக்கு எரியுமா என்பதெல்லாம் நகர்சேவக் (கவுன்சிலர்) கையில். 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் மும்பைக்குக் கவுன்சிலரே இருக்கவில்லை. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243யு பிரிவு எழுதியிருந்தும் இப்படி நடந்தது. அந்த நாட்களில் குழாய்ப் புகாரோடு வார்டு ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், கேட்க ஆள் இல்லாத கஷ்டம்.

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு நிறைவேறியது.

ஹவுசிங் சொசைட்டியும் அடிப்படை உரிமையா?

சேர்ந்து சொசைட்டி அமைப்பது உரிமைதான். 2011இன் 97ஆம் திருத்தம் 19ஆம் பிரிவில் 'கூட்டுறவுச் சங்கங்கள்' என்ற சொல்லைச் சேர்த்தது. அந்தத் திருத்தத்தின் இன்னொரு பகுதியை 2021இல் உச்ச நீதிமன்றம் மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்றது. இந்தச் சொல் தப்பியது.

கடைசியில் எங்கே போய்க் கேட்பது?

முதலில் எழுத்தில் மனு, நகலில் முத்திரை. மத்திய அரசு அதிகாரிக்கு நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அதிகாரிக்கு அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்கிறது 350ஆம் பிரிவு. நடைமுறையில் வார்டு ஆபீஸுக்கு மராத்தியில் கொடுத்தால் வேலை சீக்கிரம் நகரும், அதனால் நான் மராத்தியில் எழுதித் தமிழில் படித்துக் காட்டுகிறேன்.

அதற்கும் அசையாவிட்டால் 226ஆம் பிரிவில் பம்பாய் உயர் நீதிமன்றம், 32ஆம் பிரிவில் நேரே உச்ச நீதிமன்றம். 32ஐ இந்தச் சட்டத்தின் உயிர், இதயம் என்று அம்பேத்கர் 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் சொன்னார். இடிப்பு நோட்டீஸ் என்றால் தேதி பார்த்து அன்றைக்கே வாருங்கள். நோட்டீஸின் உறையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். உங்கள் கைக்கு அது எந்த நாளில் வந்தது என்பதற்கு அந்த உறைதான் சாட்சி.